கிதார் மேல் கம்பிக் கோலம்

கம்பிகளைத் தளர்த்தி ஒவ்வொன்றாக உருவி எடுத்து, கழுத்துப் பகுதியான நெக்கைப் பிடித்திருந்த நான்கு திருகுகளையும் கழற்றி வைத்துவிட்டு, கடைசியாகப் உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடான பிக்கார்டின் எட்டுத் திருகுகளை எடுத்துத் தகட்டைத் தூக்கியபோது, என் கிதாரின் உண்மையான நிறத்தை 14 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகப் பார்த்தேன். தகட்டுக்கு அடியில் இருந்த பகுதி பால் வெள்ளையாக இருந்தது. வெளிச்சமும் வியர்வையும் பட்ட மற்ற இடமெல்லாம் பழைய புத்தகத்தின் தாளைப் போல மஞ்சளேறியிருந்தது. இரண்டு நிறங்களும் சந்திக்கும் கோடு பென்சிலால் வரைந்ததைப் போலத் துல்லியமாகத் தெரிந்தது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இனி நான் செய்யப்போகும் எதுவும் அந்த வெள்ளையை அழிக்கக்கூடாது என்பதை அப்போதே தீர்மானித்தேன்.

அது ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் என்னும் எலக்ட்ரிக் கிதாரின் வடிவத்தில் அமைந்த, இந்தோனேசியாவில் செய்யப்பட்ட கிதார். 2009ஆம் ஆண்டு சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். அப்போது வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. நான் அதற்குச் செய்ய நினைத்தது இதுதான்: உடல் முழுவதும் காவி நிறம், அதன்மேல் அம்மாவின் கோல நோட்டிலிருந்து ஒரு கம்பிக் கோலம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வாசலில் அம்மா செம்மண் கரையிட்டுப் போடும் கோலத்தின் அதே இரண்டு நிறங்கள். கிதாரின் கம்பிக்கும் கோலத்தின் கம்பிக்கும் ஒரே சொல் இருப்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடித்த விஷயம்.

பெயிண்ட் அடித்துவிடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். 1967இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தம்முடைய வெளிர் நீல ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரை ஒளிரும் வண்ணங்களாலும் மனைவியின் நகப்பூச்சாலும் தாமே வரைந்து மாற்றினார். அந்தக் கிதார் இன்றும் அவருடைய கையெழுத்தைப் போலவே பார்க்கப்படுகிறது. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் பெயிண்ட் அடிப்பதென்றால் பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்த்தபின் அது திரும்பி வராது. மேலே ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலமான வினைல் ஸ்கின் அப்படியன்று. சரியான படலத்தைச் சரியான பூச்சின்மேல் ஒட்டினால், வேண்டாம் என்று தோன்றும் நாளில் சூடேற்றி உரித்துவிடலாம்; அடியில் இருப்பது அப்படியே இருக்கும். அம்மாவும் நேற்றைய கோலத்தைக் கூட்டிவிட்டுத்தான் இன்றைய கோலத்தைப் போடுகிறார். கிதாரிலும் கோலம் அந்த வகையிலேயே இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

எலக்ட்ரிக் கிதாருக்கும் ஒட்டும் படலத்துக்கும் உள்ள உறவு புதிதும் அன்று. 1950களில் அமெரிக்காவின் டேன்எலக்ட்ரோ நிறுவனம் மரச்சட்டத்தின் முன்னும் பின்னும் மேசனைட் என்னும் அழுத்தப்பட்ட மரநார்ப் பலகையை வைத்துக் கிதார் செய்தது. பலகையின் வெட்டு விளிம்பு பக்கவாட்டில் தெரியாமலிருக்கச் சொரசொரப்பான வினைல் பட்டையைச் சுற்றி ஒட்டினார்கள். ஐரோப்பாவில் அக்கார்டியன் செய்துவந்த தொழிற்சாலைகள் கிதாருக்கு மாறியபோது, அக்கார்டியன்மேல் ஒட்டிவந்த மின்னும் செல்லுலாய்டுத் தகடுகளைக் கிதார் உடலிலும் ஒட்டின. என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான முன்னோடி 1968இல் வந்த பெய்ஸ்லி டெலிகாஸ்டர். ஃபெண்டர் நிறுவனம் பூவேலை அச்சிட்ட ஒட்டுச் சுவர்த்தாளை உடலின் முன்னும் பின்னும் ஒட்டி, விளிம்புகளில் அதற்கு இசைவான வண்ணத்தைத் தெளித்து மறைத்து, மேலே ஒளி ஊடுருவும் பூச்சைக் கனமாகக் கொடுத்தது. பிக்கார்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டது, வேலைப்பாடு மறையக்கூடாது என்பதற்காக. எல்விஸ் பிரெஸ்லியுடன் 1969 முதல் வாசித்த ஜேம்ஸ் பர்ட்டன் இளஞ்சிவப்புப் பெய்ஸ்லியை மேடையில் ஏந்தியதால்தான் அது உலகறிந்த தோற்றமாயிற்று. நம் பக்கத்தில் மாங்காய் என்று பட்டுச்சேலைக் கரையில் நெய்யப்படும் அதே உருவம்தான் பெய்ஸ்லி என்பதால், அந்தக் கிதாரின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வீட்டுப் பீரோவின் வாசனை வரும். அந்தக் கிதார்களில் மேற்பூச்சு காலப்போக்கில் பாளம்பாளமாக வெடித்தது; தாளை உள்ளே வைத்துப் பூசிவிட்டதால் அதை எடுத்து வேறு ஒட்டவும் வழியில்லை.

ஒட்டுவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. பழைய கிதார்களிலும் இன்றைய சில விலையுயர்ந்த கிதார்களிலும் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கராக இருக்கும். வினைலை மென்மையாக வைத்திருப்பதற்காக அதில் சேர்க்கப்படும் பொருள் நாளடைவில் கசிந்து, அந்த லாக்கரை இளக்கிவிடும். கிதார் ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடத்தில் லாக்கர் பிசுபிசுத்துத் தழும்பாவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அத்தகைய கிதாரில் வினைலை ஒட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நெக் பொருந்தும் குழிக்குள், வெளியே தெரியாத மூலையில், அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டு வைத்துப் பார்த்தால், நைட்ரோ பூச்சு உடனே இளகிப் பஞ்சில் ஒட்டும். பாலியெஸ்டர் பூச்சு அசையாது. என்னுடையது அசையவில்லை.

முதல் முயற்சியில் தவறினேன். எங்கள் பகுதியில் வண்டி நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டிக் கொடுக்கும் ரேடியம் ஸ்டிக்கர் கடை ஒன்றில், நல்ல காவி நிறத்தில் வினைல் இருந்தது. கோலத்தின் கோடுகளை வெள்ளை வினைலில் வெட்டாமல், காவிப் படலத்திலேயே கோடுகளை வெட்டி நீக்கிவிட்டால், கிதாரின் சொந்த வெள்ளையே கோலமாகத் தெரியும் என்று எண்ணினேன். எண்ணம் இன்றும் எனக்கு அழகாகத்தான் படுகிறது. ஆனால் கோட்டை வெட்டி எடுத்தவுடன் காவிப் படலம் ஒரே விரிப்பாக இல்லாமல் சின்னச் சின்னத் தீவுகளாகிவிடுகிறது. விளிம்பில் வளைப்பதற்காக இழுத்தபோது ஒவ்வொரு தீவும் ஒவ்வொரு திசையில் நகர்ந்தது. கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போயிற்று. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். "கம்பி எல்லா இடத்துலயும் ஒரே கனமா ஓடணும்மா. இது மூச்சு வாங்குற மாதிரி இருக்கு" என்றார்.

அதைவிடப் பெரிய சிக்கல் மூன்று வாரங்களில் தெரிந்தது. மே மாத வெயிலில் நெக்கின் அருகே உடல் கூராக நீளும் கொம்பின் நுனியில் படலம் தானாகச் சுருங்கி, பிசினின் கறுத்த ஓரத்தைக் காட்டிக்கொண்டு பின்வாங்கியது. அதற்குக் காரணம் அந்தப் படலம் பிறந்த விதம். விளம்பரப் பலகைகளுக்கும் எழுத்து வெட்டவும் பயன்படும் வினைல் பெரும்பாலும் காலண்டர் வினைல். சூடான பிவிசிக் குழம்பை உருளைகளுக்கிடையே நசுக்கி இழுத்துத் தகடாக்குகிறார்கள். அந்த இழுவிசை படலத்துக்குள் தங்கிவிடுகிறது; சூடு பட்டவுடன் அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது. கார்களுக்கு ஒட்டும் நல்ல படலம் காஸ்ட் வினைல். திரவ நிலையிலுள்ள கலவையைத் தட்டையான தளத்தின்மேல் மெல்லியதாக ஊற்றி அடுப்பில் உலர்த்துகிறார்கள். யாரும் அதை இழுக்காததால் அதற்குச் சுருங்க வேண்டிய தேவையும் குறைவு. பிசினைத் தவிர்த்துப் பார்த்தால் காஸ்ட் படலம் ஏறக்குறைய 50 மைக்ரான், காலண்டர் படலம் பெரும்பாலும் 80 மைக்ரானிலோ அதற்கு மேலோ இருக்கும். மெல்லியதுதான் வளைவில் படிகிறது. கடைக்காரர் மீது எனக்குக் குறையில்லை. அவர் விற்ற பொருள் நம்பர் பிளேட்டின் சமதளத்துக்குப் பொருத்தமானது, அதை வளைவின்மேல் வைத்தது நான்.

ஆகவே அடுத்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்றேன். கார் அலங்காரப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற சென்னையின் அந்தச் சாலையில் கிதாருக்குப் பொருள் தேடி நிற்பது முதலில் சற்று விசித்திரமாகத்தான் இருந்தது. பிறகு நினைத்துப் பார்த்தபோது, அது கிதார்க்காரர்கள் எப்போதும் போன வழியே என்று தோன்றியது. ஃபெண்டரின் புகழ்பெற்ற நிறங்களான ஃபியெஸ்டா ரெட், லேக் பிளாசிட் புளூ போன்றவை டூபாண்ட் நிறுவனத்தின் கார் பெயிண்டுகள்தாம். காருக்காகக் கலக்கப்பட்ட நிறத்தைத்தான் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கிதாருக்குப் பூசினார்கள். இப்போது கார் படலத்துக்கு வந்திருக்கிறோம். 1.52 மீட்டர் அகலச் சுருளிலிருந்து ஒரு மீட்டர் வெட்டித் தந்தார்கள். பளபளப்பில்லாத, சுட்ட மண்ணின் நிறம். பிசினில் காற்று வெளியேற நுண்ணிய வாய்க்கால்கள் ஓடும் வகை அது.

கோலத்தை இம்முறை அம்மாவிடமே விட்டேன். அவரிடம் 192 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு வாசல்களிலிருந்தும் வார இதழ்களின் மார்கழி இணைப்புகளிலிருந்தும் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து எழுதியவை. கிதாரைச் சார்ட் பேப்பரின்மேல் வைத்து வரைந்து வெட்டி, பிக்கார்டு, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் உள்ள கண்ட்ரோல் பிளேட் ஆகியவை இருக்கும் இடங்களைக் குறித்துக் கொடுத்தேன். சிக்குக் கோலத்தின் சட்டங்கள் கறாரானவை. கம்பி புள்ளியைத் தொடக்கூடாது, எந்தப் புள்ளியும் சுற்றப்படாமல் விடுபடக்கூடாது, கம்பி தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில் இந்தக் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள் என்பதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். அம்மா அந்த விதிகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

புள்ளிக்குப் புள்ளி 18 மில்லிமீட்டர் என்று முடிவாயிற்று. விளிம்புக்கு மிக அருகில் விழும் புள்ளிகளை அம்மா ஒவ்வொன்றாக அழித்தார். வெளியோரப் புள்ளியைச் சுற்றிக் கம்பி திரும்புவதற்கு இன்னும் அரை இடைவெளியாவது வேண்டுமாம். பிரிட்ஜ் வரும் இடம் அவருக்குச் சிரமமாகவே இல்லை. நடுவில் குத்துவிளக்கு வைக்க இடம் விட்டுப் போடும் கோலங்கள் நோட்டில் பல இருந்தன. கண்ட்ரோல் பிளேட்தான் அவரை நிறுத்தியது. அது ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் கோலம் சமச்சீராக வராது. கோலத்தை முழுதாக வெட்டிவிட்டுத் தகடு அதன்மேல் மறைத்துக்கொள்ளட்டும் என்று நான் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. தகட்டின் அடியில் போய் மறையும் கம்பி அறுந்த கம்பிதான் என்றார். மறுநாள் காலையில் விடை வந்தது. "வாசல்ல தூண் இருந்தா தூணைச் சுத்தித்தானே போடுறோம். இதையும் தூணுன்னு வெச்சுக்குவோம்." 94 புள்ளிகளில், வலப்பக்கம் குறுகி இடப்பக்கம் விரிந்து, முழுவதும் மூடிய கம்பியாகக் கோலம் அமைந்தது. அதை நான் கணினியில் வளைகோடுகளாக வரைந்தேன். கோட்டின் அகலம் 3 மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் முன்கை உரசும்போது வினைல் பிடித்து நிற்காது.

ஒட்டும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எடுத்துக்கொண்டது. பூச்சு பெயர்ந்த நான்கு இடங்களில் முதல் நாளே பட்டி பார்த்துத் தேய்த்து வைத்திருந்தேன். வினைல் குறையை மறைக்கும் என்று பலர் நம்புகிறார்கள்; பளபளப்பில்லாத படலத்தில்கூட ஒரு மணல் அளவு மேடு நிழலோடு தெரியும். ஆண்டுக்கணக்கில் தேய்த்த பாலிஷின் சிலிக்கோன் எண்ணெய் பிசினைப் பிடிக்க விடாது என்பதால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மூன்று முறை துடைத்தேன். மின்விசிறியை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன்.

முதலில் பக்கவாட்டுக்கு 45 மில்லிமீட்டர் பட்டை. டேன்எலக்ட்ரோவின் முறைதான் அது. அதன்பின் முதுகு, கடைசியில் முகம். முகத்தின் படலம் விளிம்பைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் இறங்கிப் பக்கப் பட்டையின்மேல் படிந்தால், இணைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. டெலிகாஸ்டரின் உடல் தட்டையானது என்பதால் முகம் எளிது. நடுவிலிருந்து வெளிப்புறமாக, விளிம்பில் மென்துணி ஒட்டிய பிளாஸ்டிக் தகட்டால் தள்ளிக்கொண்டே போகலாம். கையும் வயிறும் படியும்படி குடைந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இதைவிடப் பொறுமை வேண்டும். இங்கே உள்ள ஒரே சோதனை கொம்புதான். அங்கே படலம் வெளிப்புறம் குவிந்தும் உட்புறம் குழிந்தும் ஒரே நேரத்தில் வளைய வேண்டும். ஹேர் டிரையரால் படலம் துணியைப் போலத் தளரும் வரை சூடேற்றி, கட்டைவிரலால் அழுத்தாமல் உள்ளங்கையால் வைத்துப் பிடித்திருந்தேன். சுருக்கம் விழுந்தால் அதை நசுக்கக்கூடாது. தூக்கி, மீண்டும் சூடேற்றினால், நல்ல படலம் தன் பழைய நிலைக்குத் திரும்பி மறுவாய்ப்புத் தருகிறது. எல்லாம் படிந்தபின் இழுத்து வளைத்த இடங்களை மட்டும் ஹீட் கன்னால் 95 பாகை செல்சியஸ் அளவுக்குக் கொண்டுபோய், ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தேன். இந்தக் கடைசிச் சூடுதான் படலத்தின் நினைவை மாற்றி, புதிய வடிவத்தையே அதற்குச் சொந்த வடிவமாக்குகிறது.

வெட்டுவதற்குக் கத்தியைப் பயன்படுத்தவில்லை. உடலின்மேல் கத்தி வைத்தால் ஒருநாள் நிச்சயம் பூச்சில் கீறல் விழும். உரித்தெடுக்கும் நாளில் அந்தக் கீறல் மட்டும் நிற்கும். கார் கடைகளில் கிடைக்கும், நடுவில் இழை பதித்த நாடாவை முதலில் ஒட்டி, அதன்மேல் படலத்தை ஒட்டி, இழையை இழுத்தால் படலம் மட்டும் நூல் பிடித்தாற்போல அறுபடுகிறது.

படலம் போகக்கூடாத இரண்டு இடங்களும் உண்டு. நெக் பொருந்தும் குழியில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே எதுவும் வரக்கூடாது. இரண்டாவது இடம் பிரிட்ஜின் அடி. பல டெலிகாஸ்டர்களில் கம்பிகளை எர்த் செய்யும் ஒயர், பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் வெறுமனே அழுந்தி நிற்கிறது. அதன்மேல் வினைலை ஒட்டிவிட்டால் தகடு ஒயரைத் தொடாது. ஆம்ப்ளிஃபயரை இயக்கியவுடன் இரைச்சல் எழும், காரணம் தெரியாமல் கம்பியின் அதிர்வை உணரும் பிக்கப்பைச் சந்தேகிப்போம். அந்த இடத்தைச் சதுரமாகத் திறந்து விட்டேன்.

கோலத்தின் கம்பிக்கு ரேடியம் கடையின் வெள்ளைக் காலண்டர் வினைலையே பயன்படுத்தினேன். சமதளத்தில், இழுக்காமல் ஒட்டும்போது அது நன்றாகவே நிற்கும். கணினி வரைபடத்தின்படி வினைலை வெட்டும் பிளாட்டர் இயந்திரம் வெட்டிய தாளிலிருந்து, சுழிகளுக்கு உள்ளேயிருந்த வேண்டாத துண்டுகளை அம்மாவும் நானும் ஊசியால் உரித்தெடுத்தோம். புள்ளிகளை அவரே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். டிரான்ஸ்ஃபர் டேப்பில் ஏற்றிய கோலத்தை, நடுவில் மாஸ்க்கிங் டேப்பால் கீல் போலப் பிடித்து, பாதிப் பாதியாகத் தாளை உரித்துப் படியவைத்தோம். டேப்பை எடுத்தபோது 94 புள்ளிகளும் அங்கே இருந்தன.

ஒலி மாறிவிட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் உடலை மட்டும் சமையலறைத் தராசில் நிறுத்தினேன். கூடியது 30 கிராம். எலக்ட்ரிக் கிதாரில் பிக்கப் உணர்வது காந்தப்புலத்தில் அதிரும் உலோகக் கம்பியை; இரண்டு கிலோ எடையுள்ள திண்ணிய மரத்தின்மேல் இந்தப் படலம் செய்யும் மாற்றத்தை என் காது கண்டுபிடிக்கவில்லை. அக்கூஸ்டிக் கிதார் வேறு. அங்கே மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான மேற்பலகையே அதிர்ந்து ஒலியைத் தருகிறது; அதன்மேல் முழுத் தோலைப் போர்த்த நான் சம்மதிக்க மாட்டேன்.

ஓராண்டு ஆகிவிட்டது. கொம்பு அசையவில்லை. வலது முன்கை படும் மேல் விளிம்பில் மட்டும், வியர்வையும் உரசலும் சேர்ந்து, இரண்டு சுழிகளின் ஓரம் எழும்பத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் மறுபடி வெட்டி ஒட்ட, கோப்பு என்னிடம் இருக்கிறது. ஆனால் அம்மா நேற்று கிதாரை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒட்டுப்போட்ட கோலம் வேண்டாம், வெள்ளையை மட்டும் முழுதாக எடுத்துவிடு, காவி இருக்கட்டும் என்றார். நோட்டில் நடுவே இடம் விட்ட இன்னொரு கோலத்தின் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறார். இந்த முறை வெளியோரப் புள்ளிகளை முன்கை படாத தூரத்துக்கு உள்ளே இழுக்க வேண்டுமாம். சார்ட் பேப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.